டூ சப்போர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேட்டில் வினாச்சொல் பாடம் ஒரு கலைச்சொல் இல்லாமல் நிற்கிறது. ஹூ, ஹூம், ஹூஸ், வாட், விச், வென், வேர், வை, ஹௌ ஆகிய ஒன்பதுக்கும் 'வினாச்சொல்' போதும். சிக்கல் அடுத்த சொல்லில். 'யூ வான்ட் டீ' என்பதைக் கேள்வியாக்கினால் 'வாட் டூ யூ வான்ட்?' ஆகிறது. நடுவில் முளைக்கும் அந்த 'டூ'வுக்குத் தனிப்பொருள் இல்லை. ஆங்கில இலக்கணத்தார் இதை டூ சப்போர்ட் என்கிறார்கள். 'டூ ஆதரவு' என்று எழுதினால் கட்சி அறிக்கை போல இருக்கிறது. இப்போது கையில் இருப்பவை: வினாத்துணை, போலிவினை, வெற்றுவினை. வேறு உண்டா?

* * *

> வினாத்துணை, போலிவினை, வெற்றுவினை

முதல் இரண்டும் வேண்டாம். இந்த டூ கேள்வியில் மட்டும் வருவதில்லை. 'ஐ டோன்ட் நோ' எதிர்மறை. 'யெஸ், ஐ டூ' சுருக்க விடை. 'ஐ டிட் லாக் த டோர்' என்பது பூட்டினேன் என்று அடித்துச் சொல்வது. நான்கு இடத்தில் வருவதற்கு வினாவின் பெயரை மட்டும் வைப்பது பொருந்தாது. 'போலி' நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல்: ஐந்து அஞ்சாவதும் பந்தல் பந்தராவதும் போலி. இரண்டையும் ஒரே பிள்ளை படிக்க வேண்டும்.

வெற்றுவினையில் தவறில்லை. ஆனால் டூவிடம் என்ன இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது, டூ என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. மாணவர் தடுக்கி விழுவதோ அங்கேதான். 'வேர் டிட் யூ வென்ட்?' என்று எழுதுகிறவர் காலத்தை இரண்டு முறை போடுகிறார். 'யூ வென்ட்' என்பதில் இறந்தகாலம் 'கோ'வின் தலையில் இருக்கிறது. டூ வந்ததும் அந்தச் சுமை டூவின் தலைக்கு மாறி 'டிட்' ஆகிறது. சுமை இறங்கிய வினை வெறும் 'கோ'. 'ஷி லிவ்ஸ்' என்பதன் 'ஸ்' டூவுக்குப் போய் 'வேர் டஸ் ஷி லிவ்?' ஆவதும் இதே கணக்கு.

வழியோரச் சுமைதாங்கிக் கல் செய்கிற வேலை இது. 'காலந்தாங்கி' என்று வைக்கலாமே? இடிதாங்கி பழகிய காதுக்கு இது புதிதாகப் படாது.

* * *

ஐயா, காலந்தாங்கி நன்றாக ஒலிக்கிறது. ஆனாலும் இரண்டு கேள்விகள்.

ஒன்று, கையிலேயே 'சாரியை' இருக்கிறதே? மரம் + ஐ 'மரத்தை' ஆகும்போது நடுவே வரும் 'அத்து'வுக்கும் பொருள் கிடையாது. அமைப்புக்காகத்தான் வருகிறது. 'வினைச்சாரியை' என்றால் பிள்ளைகளுக்குப் பழகிய வாசலாக இருக்கும்.

இரண்டு, காலத்தைத் தாங்குவது டூ மட்டுமா? 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதில் 'ஆர்', 'வென் வில் த பஸ் கம்?' என்பதில் 'வில்', 'வாட் ஹேவ் யூ டன்?' என்பதில் 'ஹேவ்' எல்லாமே அதைத்தானே செய்கின்றன? டூவுக்கு மட்டும் அந்தப் பெயர் வைத்தால் மற்றவை என்ன?

* * *

சாரியை ஒப்புமை அழகானது, ஆனால் பாதி வழிதான் வரும். சாரியை இரண்டுக்கும் இடையில் ஒட்டி நிற்கும். டூ தனிச்சொல், எழுவாயைத் தாண்டி முன்னால் போய் நிற்கும். 'அத்து' எந்த விகுதியையும் தன்மேல் ஏற்றுக்கொள்வதில்லை. டூவோ டஸ், டிட் என்று உருவே மாறுகிறது.

இரண்டாவது கேள்வி சரியான அடி. பெயரை மாற்ற வேண்டாம், எல்லையை விரிப்போம். காலந்தாங்கி என்பது எழுவாயோடு இடம் மாறக்கூடிய அந்த முதல் சொல்லுக்கான பொதுப்பெயராக இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'ஆபரேட்டர்' என்பது இதைத்தான். 'துணைவினை' ஏன் போதாது என்றால் 'வேர் இஸ் ஹி?' என்பதில் 'இஸ்' துணைவினை இல்லை, அதுவே தலைமை வினை. ஆனாலும் இடம் மாறுகிறது.

டூ வந்து சேரும் நிகழ்ச்சிக்குத் தனிப்பெயர் வேண்டும். 'டூ தோன்றல்' எனலாம். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. அவை எழுத்துக்கு உரியவை, சொல்லுக்கு நீட்டுகிறோம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். அப்போது விதி இப்படி ஓடும்: வாக்கியத்தில் காலந்தாங்கி இருக்கிறதா பார், இல்லையென்றால் டூ தோன்றிக் காலத்தை வாங்கிக்கொள்ளும், காலந்தாங்கியை எழுவாய்க்கு முன்னால் கொண்டுபோ, வினாச்சொல்லை எல்லாவற்றுக்கும் முன்னால் வை.

ஒத்துப் பார்க்க 'வாட் டிட் யூ டூ?' வாக்கியத்தை எடுங்கள். முன்னால் வரும் 'டிட்' காலந்தாங்கி, கடைசியில் வரும் 'டூ' 'செய்' என்னும் பொருளுள்ள வினை. டூவுக்குச் 'செய்துணை' என்று பெயர் வைத்தால் இங்கே குழம்பிப்போகும்.

இந்த வழக்கம் ஆங்கிலத்தில் எப்போதும் இருந்ததல்ல என்பதையும் ஓரக்குறிப்பாகப் போடலாம். 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் 'வை வீப்பெஸ்ட் தௌ?' (நீ ஏன் அழுகிறாய்?) என்று வினையே எழுவாயைத் தாண்டி முன்னால் வருகிறது. ஜெர்மன் மொழி இன்றும் அப்படித்தான் கேட்கிறது.

* * *

காலந்தாங்கி, டூ தோன்றல் இரண்டுக்கும் என் ஒப்புதல். ஆனால் விதியை இப்படியே அச்சிட்டால் பிள்ளைகள் வேறு இரண்டு இடத்தில் மாட்டுவார்கள்.

வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் இடமாற்றமும் இல்லை, தோன்றலும் இல்லை. 'ஹூ கால்ட் யூ?' என்றால் உன்னை யார் கூப்பிட்டார். 'ஹூ டிட் யூ கால்?' என்றால் நீ யாரைக் கூப்பிட்டாய். நமக்கு 'யார்', 'யாரை' என்று ஐ உருபு காட்டிவிடுகிற வேறுபாட்டை ஆங்கிலம் டூ தோன்றலாலும் சொல் வரிசையாலும் காட்டுகிறது. இரண்டாவதில் 'ஹூம்' என்று எழுதினால் கண்டிப்பான நடை; பேச்சில் பெரும்பாலும் 'ஹூ'தான். இந்த ஜோடியைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். இது புரிந்தவருக்குப் பாடத்தில் பாதி முடிந்தது.

கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கினாலும் இடமாற்றம் கிடையாது. 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்' என்பதே சரி. நம்மவர் 'வேர் இஸ் ஹி' என்று முடிப்பதற்குக் காரணம் உண்டு. 'அவன் எங்கே இருக்கிறான்' என்ற கேள்வியை அப்படியே வைத்து 'என்று தெரியவில்லை' சேர்ப்பது தமிழ் வழக்கம். கேள்வியின் உருவம் நம்மிடம் குலைவதில்லை, ஆங்கிலத்தில் குலைகிறது. நேர்க்கேள்வியில் எதிர்த்தவறு வரும்: 'வேர் யூ ஆர் கோயிங்?' தமிழில் இடம் மாற எதுவும் இல்லை; 'நீ ஊருக்குப் போகிறாய்' என்பதில் ஊர் இருந்த இடத்தில் 'எங்கே' உட்கார்ந்தால் கேள்வி ஆயிற்று. அந்தப் பழக்கத்தில் வினாச்சொல்லை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு காலந்தாங்கியை மறந்துவிடுகிறார்கள்.

தலைப்பை விட்டு ஒரு வார்த்தை: 'எத்தனையாவது' என்பதற்கு இயல்பான ஒற்றைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. 'ஹௌ மெனியத்' என்று யாரும் பேச்சில் கேட்பதில்லை. அதற்கு நிகர் தேடிப் பக்கத்தை வீணாக்க வேண்டாம். வாக்கியத்தையே மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

* * *

நன்றி. சேர்த்துக்கொள்கிறேன். எழுத்தில் ஒரு ஐயம்: காலந்தாங்கியா, காலம்தாங்கியா? மாணவர் கையேடு என்பதால் பிரித்தால் எளிதோ?

* * *

மகரம் தகரத்துக்கு முன் நகரமாகும். 'காலந்தாங்கி' என்று சேர்த்தே எழுதுங்கள்; பிரித்தால் 'காலம் தாங்கி நின்றது' என்று வினையெச்சமாகப் படிக்க இடமுண்டு. பதிவு இப்படி இருக்கலாம்:

காலந்தாங்கி (பெ.): ஆங்கில வாக்கியத்தில் காலம் ஏற்று, வினாவில் எழுவாய்க்கு முன் செல்லும் சொல். எ-டு: இஸ், ஹேவ், வில், கேன், டஸ், டிட்.

டூ தோன்றல் (பெ.): வினா, எதிர்மறை, சுருக்க விடை, அழுத்தம் ஆகிய நான்கிடத்தில், வேறு காலந்தாங்கி இல்லாதபோது டூ வருதல்.

'கேன்' காலத்தைத் தாங்குகிறதா என்று யாராவது கேட்பார்கள். 'குட்' (could) என்ற இறந்தகால இணையைக் காட்டினால் போதும். 'மஸ்ட்' பற்றிக் கேட்டால் தனி மடல் போடுங்கள், அது நீளும்.