அச்சுப்பிசகா, மையவிலகலா? உடன்வில்லைச் சோதனைக்குச் சொல் தேடல்

எழுதுபவர்: கையேடு தொகுப்பவர், சுங்கை சிப்புட்

வணக்கம். தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான படக்கலைக் கையேட்டில் ஐந்தாம் பாடம் இரண்டு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. கேமரா வாங்கும்போது பெட்டிக்குள்ளேயே வரும் 18-55 மிமீ லென்சின் படத்தரத்தை எப்படிச் சோதித்து அறிவது என்பதுதான் பாடம். முதல் சொல் அந்த லென்சுக்கான பெயர். வரைவில் 'அடிப்படை வில்லை' என்று போட்டிருக்கிறேன். இரண்டாவது, படத்தின் ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் தெளிவில்லாமல் போகும் குறைக்கு. உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு சரியான இடத்தில் உட்காராததால் வருவது. 'மையவிலகல்' பொருந்துமா? வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

எழுதுபவர்: இயற்பியல் ஆசிரியர், கோலகங்சார்

> 'மையவிலகல்' பொருந்துமா?

தம்பி, பொருந்தாது. 'மையவிலக்கு விசை' என்ற சொல் இயற்பியலில் வேரூன்றிவிட்டது. ஓரிரு எழுத்து வேறுபாட்டில் இன்னொரு சொல்லை வைத்தால் பிள்ளைகள் சுழலும் பொருளைத்தான் நினைப்பார்கள். பொருளும் முழுமையாக வராது. எதன் மையம், எதிலிருந்து விலகுகிறது?

கெனான் 2003இல் இஓஎஸ் 300டி கேமராவுடன் கொடுத்த 18-55ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 11 கண்ணாடித் துண்டுகள், 9 குழுக்களாக இருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அச்சு உண்டு. அத்தனை அச்சுகளும் ஒரே கோட்டில் விழ வேண்டும். ஒரு துண்டு பக்கவாட்டில் நகர்ந்தாலும் கோடு கெடும், இடத்திலேயே இருந்து சாய்ந்தாலும் கெடும். 'மையவிலகல்' முதலாவதைத்தான் சொல்கிறது. நடைமுறையில் அதிகம் கண்ணில் படுவது இரண்டாவது. சாய்ந்தால் குவியும் தளமும் சாய்கிறது. படத்தின் வலப்பக்கம் சற்று முன்னால் குவியும், இடப்பக்கம் சற்றுப் பின்னால் குவியும்.

என் பரிந்துரை 'அச்சுப்பிசகு'. நரம்பு பிசகியது, மூட்டு பிசகியது என்று வீட்டில் சொல்கிறோம். உடைவதற்குப் பிசகு என்று பெயரில்லை. இருக்க வேண்டிய பொருத்தில் இல்லை என்பதுதான் பிசகு. நகர்வும் சாய்வும் இரண்டுமே அதற்குள் அடங்கும்.

எழுதுபவர்: ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஈப்போ

ஆசிரியர் ஐயாவின் சொல்லுக்கு என் ஆதரவு. அதற்கு வலுச் சேர்க்கும் காரணம் ஒன்று உண்டு. நடுக்கம் தணிக்கும் வசதியுள்ள லென்சுகளில் ஒரு குழுவை மோட்டார் வேண்டுமென்றே அச்சிலிருந்து நகர்த்துகிறது. அது குறை ஆகாது, லென்ஸ் செய்ய வேண்டிய வேலையே அதுதான். அதை 'அச்சு நகர்வு' என்றும், தவறி நேர்வதை 'அச்சுப்பிசகு' என்றும் பிரித்துக்கொள்ளலாம். சோதனைக்கு முன் தணிப்பியை அணைக்கச் சொல்வது இதற்காகவும்தான். முக்காலியில் நிற்கும்போது அந்தக் குழு நகர்ந்தபடி இருந்தால் எது நகர்வு, எது பிசகு என்று பிரிக்க முடியாது.

'அடிப்படை வில்லை'யை எடுத்துவிடுங்கள். சோதித்துப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிற பெயர் அது. 2012இல் வந்த ஃபுஜிஃபில்ம் 18-55 கேமராவோடு சேர்த்து விற்கப்பட்டதுதான். அதன் பெரிய துளை எஃப் 2.8இலிருந்து எஃப் 4 வரை (எண் சிறிதானால் துளை பெரிது). மற்றவர்களின் 18-55 பெரும்பாலும் எஃப் 3.5இலிருந்து 5.6 வரை. இரண்டையும் ஒரே 'அடிப்படை'யில் அடக்க முடியாது. கேமராவுடன் கூட வந்தது என்பதுதான் இரண்டுக்கும் பொது. 'உடன்வில்லை' என்போம். 'கூட்டுவில்லை' என்றால் பல துண்டு சேர்த்த எந்த லென்சும் அதுதான். 'துணைவில்லை' என்றால் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியை நினைப்பார்கள்.

சோதனை முறையையும் பாடத்தில் சரியாக எழுதுங்கள், சொல்லின் எல்லை அதில்தான் தெளிவாகும். பால்மர (ரப்பர் மர) நிரையைப் படமெடுத்துவிட்டு "மூலை சரியில்லை" என்று சொல்வதை முதலில் தடுக்க வேண்டும். நிரையில் ஓரத்து மரம் பக்கத்தில் இருக்கும், நடு மரம் தூரத்தில் இருக்கும். கீழ் மூலைச் சருகு அதைவிடப் பக்கம். அது லென்சின் குற்றமே இல்லை. தட்டையான செங்கல் சுவர் வேண்டும், சுண்ணாம்பு பூசாதது. கடைவீதியின் பின்சந்தில் கிடைக்கும்.

18 மிமீக்குச் சுவரிலிருந்து 1 மீட்டர், 55 மிமீக்கு 3 மீட்டர். இரண்டிலும் ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலச் சுவர் படத்தில் விழும், செங்கல் ஒரே அளவில் தெரியும், ஒப்பிட எளிது. சுவரில் ஒரு சிறிய முகக்கண்ணாடியைத் தட்டையாக ஒட்டுங்கள். திரையின் நடுவில் லென்சின் பிம்பமே தெரிந்தால் கேமரா சுவருக்கு நேராக நிற்கிறது. இதைத் தவறவிட்டால் கேமராவின் சாய்வை லென்சின் தலையில் கட்டிவிடுவோம்.

ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப்படம்), 2 விநாடித் தாமதம். திரையில் 10 மடங்கு பெருக்கி நடுவில் குவித்து, ஒவ்வோர் அமைப்பிலும் மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் குவித்து எடுக்க வேண்டும். ஒரே படத்தை நம்பினால் குவிப்புத் தவறு லென்சின் குறையாகத் தெரியும். 18, 24, 35, 55 நான்கிலும் எடுங்கள். ஜூம் திருகும்போது குழுக்கள் வளைந்த காடிகளில் வழுக்கிப் போகின்றன, அந்தக் காடியில் இருக்கும் தளர்ச்சி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 24இல் ஒழுங்காக இருந்து 55இல் பிசகும் லென்சு உண்டு. துளையை முழுக்கத் திறந்து எடுப்பது கட்டாயம். எஃப் 8க்குக் குறைத்தால் குவிய ஆழம் கூடிப் பிசகை மூடிவிடும். அன்றாடம் படமெடுக்க எஃப் 8 நல்லது, குறையைக் கண்டுபிடிக்க அது உதவாது.

இப்போது கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுங்கள், படத்தைத் தானாகத் திருப்பும் அமைப்பு அணைந்திருக்கட்டும். முதலில் கோப்பின் மேல் வலது மூலை கெட்டிருந்து, இப்போதும் அதே மேல் வலது மூலை கெட்டிருந்தால் அச்சுப்பிசகு. சுவரின் அதே செங்கல் இப்போது கீழ் இடது மூலைக்கு வந்து அங்கே கெட்டால் லென்ஸ் குற்றமற்றது, சுவரையும் முக்காலியையும் பாருங்கள்.

எழுதுபவர்: மெய்ப்புப் பார்ப்பவர், தைப்பிங்

ஐயா, 'அச்சுப்பிசகு' என்றதும் எனக்கு அச்சுப்பிழைதான் நினைவுக்கு வந்தது. புத்தகம் படிக்கும் யாருக்கும் அப்படித்தான் வரும். 'ஒருச்சாய்வு' என்று வைத்தால் என்ன? மூலை ஒன்று சாய்வது கண்ணுக்கே தெரிகிறதே.

இன்னொன்று. வரைவில் 'மங்கல்' என்ற ஒரே சொல் நாலைந்து குறைக்கும் வருகிறது. எனக்கு அதுதான் பெரிய சிக்கலாகப் படுகிறது. மங்கல் என்றால் வெளிச்சமும் கருமையும் கலந்து வெளிறிப் போவது. கத்தி மழுங்கினால் அதை மங்கியது என்று யாரும் சொல்வதில்லை. கூர்மைக்கு எதிர்ச்சொல் மழுங்கல்தான். பால் வெட்டும் கத்தியைத் தீட்டிப் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். செங்கல்லின் ஓரம் கரைந்தால் மழுங்கல், படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் இருந்தால் மங்கல் என்று பிரிக்கலாமா?

எழுதுபவர்: ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஈப்போ

அக்கா சொன்ன பிரிவு சோதனைக்கும் அப்படியே பொருந்துகிறது. மங்கல் பெரும்பாலும் பூஞ்சையாலும் உள்ளே படிந்த படலத்தாலும் வருவது. நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் தோல்பையோடு வைத்த லென்சில் அது எளிதில் பிடிக்கும். இருட்டறையில் பின்பக்கமிருந்து கைவிளக்கை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல்போல் தெரியும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டி வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் முன்கண்ணாடியில் படியும் நீராவியும் மங்கல்தான், ஆனால் அது அரை மணியில் போய்விடும். அதற்குள் சோதனை செய்யாதீர்கள்.

'ஒருச்சாய்வு' எனக்கு ஒப்பவில்லை. அது அறிகுறியின் பெயர், காரணத்தின் பெயரல்ல. மூலை மழுங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. அந்த மூலையிலேயே குவித்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு திருத்தத்தில் கூர்மை பெற்றால் குவியும் தளமே கிண்ணம்போல் வளைந்திருக்கிறது, அது லென்சின் வடிவமைப்பு. 'தளவளைவு' போதும். வலப்பக்கத்துக்கு முன்னாலும் இடப்பக்கத்துக்குப் பின்னாலும் குவிக்க வேண்டியிருந்தால் அச்சுப்பிசகு. எப்படிக் குவித்தாலும் நான்கு மூலையும் தேறாவிட்டால் அந்த லென்சின் எல்லை அவ்வளவுதான்.

ஒரே மாதிரி லென்சை இருவர் சோதித்து இரண்டு தீர்ப்புச் சொல்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. தளவளைவு அந்த மாதிரி முழுவதற்கும் பொது. பிசகு ஒருவர் கையிலுள்ள அந்த ஒரு லென்சுக்கு மட்டும். கடையில் மாற்றிக் கேட்கலாமா கூடாதா என்பதை இந்த ஒரு சொல் முடிவு செய்கிறது.

எழுதுபவர்: இயற்பியல் ஆசிரியர், கோலகங்சார்

அச்சுப்பிழையோடு மயங்கும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஒளியியல் பாடத்தில் 'முதன்மை அச்சு' முதல் பக்கத்திலேயே வருகிறது. அதை வரைந்த படத்துக்குக் கீழேயே அச்சுப்பிசகையும் வைத்தால் மயக்கம் தீரும்.

இதைவிட மயக்கும் சொல் ஒன்று வரைவில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. 'விளிம்பு விளைவு'. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஊன்றிய சொல். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'பெம்பெலாவான்' என்று படிப்பது இதைத்தான். மூலையையும் ஓரத்தையும் பற்றியே பேசும் பாடத்தில் 'விளிம்பு' என்றால் படத்தின் விளிம்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது படம் முழுவதையும் சமமாக மழுங்கவைப்பது. ஒளி சிறிய துளையின் விளிம்பைக் கடக்கும்போது விரிவதால், ஒரு புள்ளி வட்டமாகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் 8இல் ஏறத்தாழ 10.7 மைக்ரான், எஃப் 16இல் 21.5, எஃப் 22இல் 29.5. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி உணரியில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். எஃப் 22இல் நடுப்பகுதியும் மழுங்குவது இதனால்தான், எவ்வளவு விலையுயர்ந்த லென்சும் தப்பாது. சொல்லை மாற்ற வேண்டாம், 'துளைவிளிம்பு விளைவு' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

வெள்ளை வானத்துக்கு எதிரே செம்பனை ஓலை நுனியில் தெரியும் ஊதா, பச்சைக் கோட்டுக்கு 'நிறப்பிறழ்ச்சி' இருக்கட்டும். 18 மிமீயில் தோட்ட லயத்து வீடுகளின் பலகைக் கோடுகள் வெளிப்பக்கமாகப் புடைப்பதற்கு 'உருத்திரிபு' இருக்கட்டும். இரண்டும் பழகிய சொற்கள். கேமரா தரும் ஜேபெக்கில் இவை பெரும்பாலும் திருத்தப்பட்டே வரும் என்பதையும், ரா கோப்பைத் திறக்கும் மென்பொருளில் திருத்தத்தை அணைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். அச்சுப்பிசகை எந்த மென்பொருளும் திருத்தித் தராது.

எழுதுபவர்: மெய்ப்புப் பார்ப்பவர், தைப்பிங்

அச்சுப்பிசகுக்கு ஒப்புக்கொள்கிறேன். காரணம், அறிகுறி என்ற பிரிவு எனக்குப் போதும். வல்லினம் மிகும், 'அச்சுப்பிசகு' என்று சேர்த்தே எழுதுங்கள். வினையாகும்போது பிரியும்: 'இந்த உடன்வில்லை 55இல் அச்சுப் பிசகியிருக்கிறது'.

எழுதுபவர்: கையேடு தொகுப்பவர், சுங்கை சிப்புட்

அருஞ்சொல் பக்கத்தில் இப்படிப் போடுகிறேன்.

உடன்வில்லை: கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் லென்ஸ். தரத்தைக் குறிக்காது.
அச்சுப்பிசகு: லென்சின் உட்துண்டு ஒன்று பொது அச்சிலிருந்து நகர்ந்தோ சாய்ந்தோ இருப்பது. கேமராவைத் திருப்பினாலும் மழுங்கல் கோப்பின் அதே மூலையில் நிற்கும்.
மழுங்கல்: ஓரக் கூர்மை இழப்பு.
மங்கல்: ஒளி, இருள் வேறுபாடு குறைந்து வெளிறுதல்.

18, 55 என்று மிமீயில் சொல்லும் லென்ஸ் அளவுக்கு 'குவியத் தூரம்', 'குவியத் தொலைவு' இரண்டும் வரைவில் மாறி மாறி வருகின்றன. 'குவியத் தூரம்' என்றே எல்லாப் பக்கத்திலும் மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.