பாடத்தை முன்பே அறிந்த மாணவிக்கு அதே வகுப்பில் என்ன கற்பிப்பது?

கேள்வி: கணித ஆசிரியை, நடுநிலைப் பள்ளி, கோத்தகிரி வட்டாரம்

ஏழாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி, நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைக் கண்டுவிடுகிறாள். பயிற்சிக் கணக்குகளை மற்றவர்கள் பாதி போடுவதற்குள் முடித்துவிட்டு அருகில் இருப்பவர்களிடம் பேசத் தொடங்குகிறாள். மேலும் பத்துக் கணக்குகள் கொடுத்தால், விரைவாக முடித்ததற்குக் கிடைத்த தண்டனையாகவே அதை எண்ணுகிறாள். அண்மைக் காலமாக வேண்டுமென்றே மெதுவாக எழுதுவதும் தெரிகிறது. பின்னங்களே இன்னும் பிடிபடாத பிள்ளைகளும் அதே அறையில் இருப்பதால், அவளுக்கென்று தனி நேரம் ஒதுக்க இயலவில்லை. இருக்கும் வகுப்பிலேயே செய்யக்கூடியது என்ன?

பதில் 1: பட்டதாரி ஆசிரியர், கூடலூர்

மெதுவாக எழுதத் தொடங்கிவிட்டாள் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், அம்மா. கணக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள். பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளைக் குறித்து, அவற்றை முதலில் போட்டு நான்கையாவது சரியாக முடிப்பவர் எவராயினும் மீதியைப் போட வேண்டியதில்லை என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிடுங்கள். வாய்ப்பு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் பாரபட்சம் என்ற பேச்சு எழாது. புதிய பாடம் தொடங்கும் முன்பே சிறு தேர்வு வைத்து, தெரிந்த பகுதியை விட்டுவிட அனுமதிப்பது இதன் அடுத்த படி. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி முதலானோர் வளர்த்தெடுத்த முறை இது.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குன்னூர்

மேலே சொன்னதில் ஒரு குறை உண்டு. மிச்சமாகும் நேரத்தில் அவள் என்ன செய்வாள்? எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால், அடுத்த ஆண்டும் இதே சிக்கல்தான் வரும். பாடத்தில் முன்னே ஓடவிடுவதைவிட, அதே பாடத்தில் ஆழமாக இறங்கவைப்பது நல்லது என்பது என் கருத்து.

நமக்கு அதற்கான பொருள் ஊட்டியை அடுத்த முத்தொரையிலேயே இருக்கிறது. 1970-இல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று அளவுத்திட்டம் வைத்து, பாகைமானியால் கோணம் அமைத்து வரைந்தால், ஏறக்குறைய நூறு மீட்டர் என்ற விடையை முக்கோணவியல் படிக்காமலே அவளால் பெற முடியும். பிறகு, 11 பாகைச் சரிவை ஏன் தேடிப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். ஊட்டியின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகை என்பதால், கருவியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிறது. அந்த ஒற்றை அச்சில் கருவியைத் திருப்பியே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இதை அவளாகவே கண்டறிய இரண்டு வாரம் ஆகலாம், ஆகட்டும். பக்கத்தில் நின்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை குறிப்பேட்டைப் பார்த்து அடுத்த கேள்வியை எழுதினால் போதும்.

பதில் 3: ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி, கொடைக்கானல் மேல்மலை

விரைவாக முடித்தவரைப் பிறருக்குக் கற்பிக்க அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. எப்போதாவது, அவளும் விரும்பினால் சரி. நாள்தோறும் செய்தால் அவள் கற்பது நின்றுவிடும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்துப் பழகிய நமக்கு ஒரே அறையில் வெவ்வேறு பணி தருவது புதிதன்று. ஆனால் மலருக்கு மேல் என்ன என்பதற்கு அதில் இடமில்லை.

விரைவை மட்டும் திறன் என்று கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் படுக மொழி பேசும் குழந்தை தமிழில் எழுதத் தயங்கலாம். ஆனால் யாரும் கேட்காத கேள்வியை வாய்மொழியாகக் கேட்கலாம். சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த பணியில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அதே ரென்சுல்லி 1978-இல் எழுதினார். ஆகவே தொலைநோக்கிக் கணக்கை அவளுக்கு மட்டும் தராமல் வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். யார் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வகுப்புப் பயிற்சியை முழுமையாக எழுதாத மாணவிக்கு வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) எதை வைத்து மதிப்பெண் இடுவது?

பதில் 1: பட்டதாரி ஆசிரியர், கூடலூர்

அவள் முடித்த ஐந்து கடினக் கணக்குகளை வைத்தே இடலாம். முன்தேர்வுத் தாளையும் கோப்பில் வைத்திருங்கள். பார்வையிட வருபவர் கேட்டால் காட்ட அதுவே சான்று. தொலைநோக்கிப் பணிக்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் என்றதும் தெரிந்த விடையை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவாள்.