எம்1008 டிரக்: பின் பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறவில்லை

கேள்வி:
1985 செவ்ரோலெட் எம்1008 (அமெரிக்க ராணுவ டிரக்), 6.2 லிட்டர் டீசல். இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர்: முன் பேட்டரிக்கு ஜென் 1, பின் பேட்டரிக்கு ஜென் 2. சாவி போட்டால் டேஷ்போர்டில் இரண்டுக்கான விளக்கும் எரிகின்றன, ஸ்டார்ட் ஆனதும் அணைகின்றன. ஓடும்போது முன் பேட்டரியில் 14.1 வோல்ட், பின் பேட்டரியில் 12.6 மட்டுமே. ஜென் 2 பாசிட்டிவ் ஸ்டட்டுக்கும் (கேபிள் மாட்டும் திருகு முனை) வண்டி பாடிக்கும் நடுவே 26.7 காட்டுகிறது. அப்படியென்றால் அது வேலை செய்கிறதுதானே? பெல்ட் சரியாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதா 12 வோல்ட் ஆல்டர்னேட்டரை மாட்டிப் பார்க்கலாமா?

பதில் 1:
மாட்டாதீர்கள்! இந்த வண்டியில் இரண்டு பேட்டரியும் தொடராக (சீரிஸில்) இருக்கின்றன; ஜென் 2-வின் நெகட்டிவ் எர்த்தில் (வண்டி பாடியில்) இல்லை, முன் பேட்டரியின் பாசிட்டிவில் இருக்கிறது. சாதா ஆல்டர்னேட்டரில் பாடியே நெகட்டிவ். பிராக்கெட் வழியாக எர்த் ஆகிவிடும். அதில் அந்த நெகட்டிவ் கேபிளை வைத்த நொடியே முன் பேட்டரி நேர் ஷார்ட். நெகட்டிவ் ஸ்டட் தனியாக, பாடியோடு ஒட்டாமல் இருக்கும் வகைதான் வேண்டும். வாங்கும்போதே மல்டிமீட்டரில் ஸ்டட்டுக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள், பீப் வந்தால் வேண்டாம்.

26.7 எதையும் நிரூபிக்கவில்லை. 14.1-ஐயும் 12.6-ஐயும் கூட்டினாலே அதுதான். ஜென் 2-வை அதன் இரண்டு ஸ்டட்டுக்கும் நடுவே அளக்க வேண்டும்.

கேட்டவர்:
அளந்தேன் அண்ணா. 14.3 வருகிறது.

பதில் 2:
அப்போ ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு, வழியில்தான் கோளாறு. எஞ்சின் ஓடும்போது கேபிளின் இரு முனைக்கும் நடுவே அளங்க: ஜென் 2 பாசிட்டிவ் ஸ்டட்டிலிருந்து பின் பேட்டரி பாசிட்டிவ் வரை ஒன்று, நெகட்டிவ் ஸ்டட்டிலிருந்து முன் பேட்டரி பாசிட்டிவ் வரை இன்னொன்று. 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு அந்தப் பக்கம்தான். சந்தேகம் நெகட்டிவ் பக்கம்தான், ஏனென்றால் 'நெகட்டிவ்தானே, எர்த்தானே' என்று அதை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

எஞ்சினை நிறுத்தி, முதலில் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்க. அதுக்கு முன்னாடி ஜென் 2 கேபிள்கள் பக்கம் ஸ்பேனர் போகக்கூடாது.

கேட்டவர்:
நெகட்டிவ் பக்கம் 1.7 வோல்ட் இழப்பு. லக்குக்குள் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) கம்பி இழைகள் பச்சைப் பொடியாகக் கிடந்தன. வெட்டிவிட்டுப் புது லக்கை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). இப்போது முன் 14.1, பின் 14.2, ஸ்டட்டிலிருந்து பாடிக்கு 28.3.