மூத்தோர் ஐக்கியத்தின் கிறிஸ்துமஸ் கூடுகையைக் காலையில் வைக்கலாமா?

காட்பாடி அம்மா:
எங்கள் சபையின் மூத்தோர் ஐக்கியத்துக்கு இந்த ஆண்டு நான்தான் செயலாளர். வழக்கமாக இரவு ஏழு மணிக்குக் கூடுவோம். மார்கழிப் பனியில் பாதிப் பேர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்குவார்கள். பிள்ளைகளின் நடனம் முடிவதற்குள் மாத்திரை வேளை தவறிவிடும். விழா எங்களுக்கா, கைதட்ட ஆள் சேர்ப்பதற்கா? காலையில் வைத்தால் என்ன? தேவ செய்திக்கும் சாப்பாட்டுக்கும் யோசனை சொல்லுங்கள்.

பாகாயத்தான்:
காலை பத்து மணியே சரி, அம்மா. செய்திக்கு லூக்கா 2-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை எடுங்கள். மேய்ப்பர்களைப் பற்றி ஆண்டுதோறும் கேட்கிறோம். சிமியோனும் அன்னாளும் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட பகுதியை யார் பேசுகிறார்கள்? அன்னாளுக்கு ஏறக்குறைய 84 வயது. நம் கூட்டத்து ஆள்!

சத்துவாச்சாரி அக்கா:
ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் கத்திரிக்காய்த் தொக்கோடு அளவாகச் சாப்பிடட்டும். அச்சுமுறுக்கு மட்டும் வேண்டாம். பல்செட் கழன்று பாயசத்தில் விழுந்ததை நேரில் பார்த்தவள் நான். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு ஆயர் நற்கருணையோடு போகட்டும். நீங்கள் கேக்கோடு போங்கள்.

காட்பாடி அம்மா:
அன்னாளை எடுத்துக்கொண்டேன். வேலூர்க் கோட்டைக்குள் 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயத்துக்கும் ஒரு வேன் பிடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் ஆயரிடம் காலை நேரத்துக்குச் சம்மதம் வாங்குகிறேன்; இளைஞர் சங்கம்தான் முகம் சுளிக்கும்.