கண்ணாடி மாதிரி இருந்தது, வைட்டமின்தான் இல்லை

பைப்பெட் பாண்டி:
பாலிடெக்னிக் கடைசி ஆண்டு புராஜெக்ட்: வைட்டமின் ஏ மைக்ரோ எமல்ஷன், அதாவது எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலந்து தெளிவாக நிற்கும் கலவை. வைட்டமின் ஏ பால்மிட்டேட், ட்வீன் 80 (எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைப்பது), எண்ணெய், கொஞ்சம் எத்தனால். எந்த விகிதத்தில் தெளிவாக நிற்கும் என்று முக்கோண வரைபடத்தில் இடம் தேடியே மூன்று வாரம் போனது, அதை விடுங்கள். சென்ட்ரிஃபியூஜில் 30 நிமிடம் சுற்றினேன், பிரியவில்லை. 4 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் ஆறு தடவை மாற்றி வைத்தேன், அசையவில்லை. 40 டிகிரியில் மூன்று மாதம் இருந்த குப்பியை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால், எதிரே இருக்கும் வீவக புளோக்கின் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) எண் இடவலம் மாறித் தெரிகிறது. அவ்வளவு தெளிவு! மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் ஹெச்பிஎல்சி (கலவையில் எது எவ்வளவு என்று அளக்கும் கருவி) ஓட்டினால், 325 நானோமீட்டரில் வைட்டமின் ஏவின் பீக் எழும்ப வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெம்பனிஸ் வாசி:
எனக்கு நேர் எதிர். வைட்டமின் ஈ. தீபாவளிக்கு முதல் நாள் ஓவனைத் திறந்தால் குப்பி முழுக்கப் பால். லிட்டில் இந்தியாவுக்கு ஓடும் அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சூட்டில் ட்வீன் போன்றவை நீரை விட்டுக் கலங்கும், ஆறினால் திரும்பத் தெளியலாம் என்று அப்புறம்தான் படித்தேன்.

பழைய ஃபார்முலேட்டர்:
பாண்டி தம்பி, அது முதலில் மைக்ரோதானா? மைக்ரோ எமல்ஷன் கலந்ததுமே தானாக உருவாகி நிற்கும். நேனோ எமல்ஷனைப் பெரும்பாலும் அடித்துத்தான் சிறிதாக்க வேண்டும், ஒரு நாள் பிரிந்தே தீரும். ரெண்டும் தெளிவாக இருக்கலாம், பெயரில் ஏமாறக் கூடாது. அப்புறம், சென்ட்ரிஃபியூஜ் சொல்வது துளியின் கதையை மட்டும். வைட்டமின் கெடுவதை அது பார்க்காது. ட்வீன் பழசானால் பெராக்சைடு சேரும், அது வைட்டமின் ஏவைச் சும்மா விடாது. புதுப் புட்டி வாங்கு, பெராக்சைடு அளவு பார், டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) சேர், குப்பியின் தலைப்பகுதியில் நைட்ரஜன் விடு, வெளிச்சத்தைத் தடுக்கும் பழுப்பு அம்பர் குப்பியில் வை. 40 டிகிரியை மட்டும் நம்பாதே, நம் ஊர் வெப்பத்துக்கு மருந்து எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதிக்கும் ஆசியான் வழிகாட்டியில் உள்ள 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு தட்டு வை. என் கதையா? வைட்டமின் சி மஞ்சளானது, அவ்வளவுதான்.

பைப்பெட் பாண்டி:
மைக்ரோதான் அண்ணே, லேசாகக் கலக்கியதும் தெளிந்துவிட்டது. அம்பரிலும் வைத்தேன், அங்கேயும் அதே மேடு. நீங்கள் சொன்னதும் ட்வீன் புட்டியை எடுத்துப் பார்த்தேன். மூடியில் திறந்த தேதி இருக்கிறது. என் கையெழுத்து இல்லை, எனக்கு முந்தைய பேட்ச் மாணவர் யாரோ எழுதியது.