13 மதிப்பெண் எங்கே போனது?

வாட்ஸ்அப் குழு: வேரும் விழுதும்

ஞாயிறு, மாலை 5:02

செல்வி: யாழினி இன்று 2 மணிக்குக் கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான முழு மாதிரித் தேர்வை எழுதினாள். 120-க்கு 52.25. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாராவது பேசிப் பாருங்கள். நான் வாயைத் திறந்தாலே சண்டையாகிறது.

முருகேசன்: அந்தக் கால் மதிப்பெண் எங்கிருந்து முளைத்தது?

அமுதா: ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.25 கழிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டில் இருப்பவருக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

தாத்தா: 52 என்று மொத்தமாகச் சொன்னால் என்ன புரியும்? நான் தலைமையாசிரியராக இருந்தபோது பெற்றோர் வந்து "பையன் ஃபெயில் ஐயா" என்று அழுவார்கள். எந்தப் பாடத்தில் என்று கேட்டால் விழிப்பார்கள். பாடவாரியாகச் சொல்லுங்கள்.

யாழினி: தாத்தா, மொத்தம் 5 பகுதி. கணிதத்தில் 0.75. பூச்சியம் புள்ளி ஏழு ஐந்து. கணக்கு எனக்கு வராது என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

அமுதா: 12 கேள்வியில் எத்தனை சரி?

யாழினி: 3 சரி, 9 தவறு. கடைசி மூன்று நிமிடம்தான் இருந்தது அத்தை. கேள்வியைப் படிக்கவே இல்லை. வரிசையாக வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டேன்.

அமுதா: ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு 12 கேள்விக்கு விடை குறித்தால் நாலில் ஒரு பங்கு, அதாவது 3 சரியாகும். 9 தவறுக்கு 2.25 கழிந்தால் மீதி 0.75. நூல் பிடித்தாற்போல் அதுவே வந்திருக்கிறது. அடி பெண்ணே, அது உன் மதிப்பெண்ணே இல்லை, நிகழ்தகவு வாங்கிய மதிப்பெண்.

முருகேசன்: நிகழ்தகவுக்கு வாழ்த்துகள்.

அமுதா: போன வாரம் கணிதப் பகுதியை மட்டும் தனியாக எழுதினாயே, அதில் எவ்வளவு?

யாழினி: 10 சரி, 2 தவறு. 9.5.

தாத்தா: வராத கணக்கில் 12-க்கு ஒன்பதரையா?

மாலை 5:31

கார்த்திக்: இப்போதுதான் பார்த்தேன். யாழினி, போன வாரம் தனித்தனியாக எழுதிய ஐந்து பகுதிகளின் மதிப்பெண்ணையும் போடு. சரி எத்தனை, தவறு எத்தனை, விட்டது எத்தனை என்று எழுது.

யாழினி: ஆங்கிலம் 24-ல் 18 சரி, 6 தவறு: 16.5
நடப்பு நிகழ்வுகள் 30-ல் 14 சரி, 10 தவறு, 6 விட்டேன்: 11.5
சட்டம் 30-ல் 17 சரி, 13 தவறு: 13.75
தர்க்கம் 24-ல் 16 சரி, 8 தவறு: 14
கணிதம் 9.5

அமுதா: கூட்டினால் 65.25.

கார்த்திக்: இன்றைக்கு 52.25. அப்படியானால் 13 மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் கேள்வி. 8.75 கணிதத்தில் போய்விட்டது, அது இப்போது தெரிந்துவிட்டது. மீதி 4.25 மற்ற நான்கிலும் சிதறியிருக்கிறது. எந்த வரிசையில் எழுதினாய்?

யாழினி: சட்டம் முதலில். எனக்குப் பிடித்தது அதுதானே அண்ணா. 50 நிமிடம் ஆகிவிட்டது.

கார்த்திக்: கிளாட்டில் பகுதிக்கு இவ்வளவு நேரம் என்று யாரும் வகுத்துத் தரமாட்டார்கள். 120 கேள்வி, 120 நிமிடம், நடுவே எங்கும் மணி அடிக்காது. கேள்வி எண்ணிக்கையில் கால் பங்குதான் சட்டம். அதற்கு நீ கொடுத்தது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலே. கணிதத்துக்கு வேண்டிய நேரம் அங்கேதான் கரைந்தது.

செல்வி: நான் ஒன்று சொல்லலாமா? தனித்தனியாக எழுதியபோதும் இவள் கடிகாரத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. சட்டப் பகுதிக்கு நடுவில் தோழியோடு அரை மணி நேரம் பேசினாள்.

யாழினி: அம்மா! கடிகாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன்!

கார்த்திக்: சித்தி சொன்னது பெரிய விஷயம். நிறுத்தியபோது கேள்வி கண் முன்னே இருந்ததா?

யாழினி: இருந்தது. பேசிக்கொண்டே ஒன்றிரண்டு யோசித்திருப்பேன்.

கார்த்திக்: அப்படியானால் அந்த 65.25-ஐயும் முழுதாக நம்ப முடியாது.

முருகேசன்: பாவம், இருந்த நல்ல செய்தி அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

கார்த்திக்: மாமா, நானே இந்தக் குழியில் விழுந்தவன், அதனால் சொல்கிறேன். நான் எழுதிய ஆண்டில் ஆங்கிலப் பகுதித் தேர்வை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுவேன். நல்ல மதிப்பெண் வரும், மனம் குளிரும், அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். தர்க்கப் பகுதித் தாள்கள் மேசையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. பகுதிவாரித் தேர்வில் உள்ள ஆபத்தே இதுதான்: எதை எழுதுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காததைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகலாம். முழுத் தேர்வில் அந்தச் சலுகை இல்லை. ஆனால் இன்று யாழினிக்கு நடந்ததைப் பாருங்கள். முழுத் தேர்வு மட்டும் கையில் இருந்திருந்தால் "கணக்கு வராது" என்று முடிவு கட்டிவிட்டு, மூன்று மாதம் கணக்கையே போட்டுக்கொண்டிருப்பாள். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

தாத்தா: சரி. நோய் எங்கே?

கார்த்திக்: சட்டத்தில் என்று சந்தேகம். பிடித்த பாடத்தில் 13 தவறு. யாழினி, அதில் ஒரு கேள்வியைத் தமிழில் சுருக்கிப் போடு. எல்லோரும் விடை சொல்லட்டும்.

மாலை 5:58

யாழினி: பத்தி சொல்லும் விதி: ஒருவருடைய நிலத்துக்குள் அவர் அனுமதி இல்லாமல் நுழைவதே அத்துமீறல். சேதம் ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை. தன் நிலம் என்று தவறாக நம்பி நுழைந்தாலும் அது அத்துமீறலே.
சம்பவம்: குமார் இருட்டில் வீடு திரும்புகிறார். ஒரே மாதிரி வேலி போட்ட இரண்டு மனைகள். பக்கத்து மனையைத் தன்னுடையது என்று எண்ணி உள்ளே போகிறார். தெரிந்ததும் உடனே திரும்பிவிடுகிறார். எதையும் தொடவில்லை. அவர் பொறுப்பாவாரா?
அ. இல்லை, கெட்ட நோக்கம் இல்லை
ஆ. இல்லை, சேதம் எதுவும் இல்லை
இ. ஆம், அனுமதியின்றி நுழைந்ததே போதும்
ஈ. உரிமையாளர் அன்றிரவே புகார் கொடுத்தால் மட்டும்

தாத்தா: அ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மனிதன் வழி தவறினான், திரும்பிவிட்டான்.

முருகேசன்: ஆ. ஒரு புல்கூட மிதிபடவில்லை.

செல்வி: இ. பத்தியிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது?

கார்த்திக்: சித்திக்கு ஒரு மதிப்பெண். தாத்தாவுக்கும் மாமாவுக்கும் கழிவு 0.25.

யாழினி: நானும் அ-தான் போட்டேன். பழைய தண்டனைச் சட்டம் 441-ஆம் பிரிவில் நோக்கம் வேண்டும் என்று படித்திருந்தேன்.

கார்த்திக்: படித்தது சரி. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது குற்றம் பற்றியது. இந்தப் பத்தி பேசுவது உரிமையியல் தீங்கு, அதாவது சிவில் வழக்கு பற்றி, அங்கே தவறான நம்பிக்கை குமாரைக் காப்பாற்றாது. அதுகூட உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டப் பகுதிக்கு முன்கூட்டிய சட்ட அறிவு தேவையில்லை என்று தேர்வை நடத்தும் கூட்டமைப்பே சொல்கிறது. பத்தியில் உள்ள விதியைச் சம்பவத்தின் மேல் பொருத்தத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. சித்தி வெறுங்கையோடு வந்தார், சரியாகச் சொன்னார். நீ கையில் 441-ஐ வைத்துக்கொண்டு வந்தாய்.

தாத்தா: ஆனால் இது நியாயமில்லை. இருட்டில் வழி தவறியவனைத் தண்டிப்பதா?

கார்த்திக்: தாத்தா, நீங்கள் நீதிபதியாக உட்காரும்போது மாற்றி எழுதுங்கள். தேர்வு அறையில் பத்தி சொல்வதுதான் சட்டம்.

தாத்தா: ம்.

கார்த்திக்: யாழினி, அந்த 13 தவறையும் எடுத்துக்கொள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஏன் தவறியது என்று ஒரே ஒரு சொல் எழுது. சரியான விடை எது என்பதை எழுதாதே, அது விடைத்தாளிலேயே இருக்கிறது.

முருகேசன்: எங்கள் வீட்டு அலமாரியில் 2015-ஆம் ஆண்டுக் கிளாட் புத்தகம் ஒன்று இருக்கிறது. அனுப்பட்டுமா? தூசி தட்டினால் புதிதுபோல் இருக்கும்.

கார்த்திக்: வேண்டாம் மாமா. அப்போது 200 கேள்வி, பெரும்பாலும் ஒற்றை வரிக் கேள்விகள். 2020-இல்தான் எல்லாவற்றையும் பத்தி படித்து விடை சொல்லும் முறைக்கு மாற்றினார்கள், 150 கேள்வி. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120. பழைய தாளில் பகுதித் தேர்வு எழுதினால் வேகக் கணக்கே தப்பாகும்.

முருகேசன்: இந்தத் தேர்வு டெல்லிக்கும் சேர்த்துத்தானே?

கார்த்திக்: டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கு அய்லெட் என்று தனித் தேர்வு. 150 கேள்வி, அதில் 70 தர்க்கம். சட்டத்துக்கும் கணிதத்துக்கும் தனிப் பகுதியே கிடையாது. அதற்குத் தனியாகத்தான் தயாராக வேண்டும். இப்போது அதைக் கலக்க வேண்டாம்.

செல்வி: இதெல்லாம் இல்லாவிட்டாலும் நம் மாநில அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேரலாம். அதையும் சொல்லி வையுங்கள். பிள்ளை இரவெல்லாம் தூங்குவதில்லை.

யாழினி: தெரியும் அம்மா. ஆனால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்குக் கிளாட் வேண்டும். நான் போக நினைப்பது அங்கே.

இரவு 7:10

யாழினி: எழுதிவிட்டேன். 7 கேள்வியில் "வெளியறிவு". 4-ல் "இரண்டில் குழப்பம்". 2-ல் "இல்லை" என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. "பத்தியோடு பொருந்தாதது எது" என்று கேட்டிருந்தார்கள், நான் பொருந்துவதைக் குறித்திருக்கிறேன்.

கார்த்திக்: 13-ல் 7! பார்த்தாயா? இந்தக் கணக்கை முழுத் தேர்வில் எடுத்தால் கண்ணில் படாது. அங்கே பகுதிக்கு நான்கைந்து காரணம் கலந்து கிடக்கும், களைப்பும் சேர்ந்துகொள்ளும். 30 கேள்வி ஒரே இனமாக இருந்ததால்தான் ஏழும் வரிசையாக நிற்கின்றன.

அமுதா: "இரண்டில் குழப்பம்" நான்கையும் விட்டுவிடாதே. இரண்டு விடைகளைத் தள்ளிவிட முடிந்தால் மீதியில் ஒன்றைக் குறித்துவிடு. நான்கில் இரண்டு சரியானாலும் 2-லிருந்து 0.5 போக 1.5 கையில் நிற்கும். பயந்து வெறுமனே விட்டால் பூச்சியம்.

தாத்தா: நடப்பு நிகழ்வுகளில் 11.5தானே. அதற்கு என்ன வழி?

கார்த்திக்: அதில் மட்டும் பகுதித் தேர்வு அதிகம் உதவாது தாத்தா. பத்தி இருக்கும், ஆனால் விடை பெரும்பாலும் பத்தியில் இருக்காது. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் எவ்வளவு முறைத்தாலும் வராது. மாதம் இரண்டு தேர்வு போதும், எந்தத் துறையில் ஓட்டை என்று பார்க்க. மற்றபடி நாளிதழ்தான்.

தாத்தா: நாளிதழ் என் பொறுப்பு. தினமும் காலையில் வெட்டி வைக்கிறேன்.

யாழினி: தாத்தா, தேர்வு ஆங்கிலத்தில். நீங்கள் வாங்குவது தமிழ் நாளிதழ்.

தாத்தா: நாளையிலிருந்து இரண்டும் வாங்குவேன். உச்ச நீதிமன்றம் தமிழில் வேறு தீர்ப்பா சொல்கிறது?

கார்த்திக்: தாத்தா சொல்வது சரி, விஷயம் முதலில் மனதில் நிற்கட்டும். யாழினி, இனி இப்படிச் செய். வாரநாளில் ஒரு பகுதி, கடிகாரத்தை நிறுத்தாமல். சட்டம் 35 நிமிடம், தர்க்கம் 30, ஆங்கிலம் 22, கணிதம் 14, நடப்பு 13. கூட்டினால் 114, மீதி 6 நிமிடம் சரிபார்க்க. ஓ.எம்.ஆர். விடைத்தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பிப் பழகு. கைபேசியில் விரலால் தட்டிப் பழகினால் அங்கே வட்டம் நிரப்பும் நேரத்தைக் கணக்கில் எடுக்க மறந்துபோகும். பேனா மையை அழிக்கவும் முடியாது. ஞாயிறு 2 முதல் 4 வரை முழுத் தேர்வு. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் டிசம்பர் முதல் ஞாயிறு அதே நேரத்தில்தான் நடந்தது. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம் அது, உடம்புக்கும் பழக்கம் வேண்டும். கணிதத்தைக் கடைசியில் வைக்காதே, இரண்டாவதாக எழுது.

செல்வி: 2 முதல் 4 வரை வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. மாமா, உங்களைத்தான் சொல்கிறேன்.

தாத்தா: ஒலியைக் குறைத்துப் பார்க்கலாமா?

செல்வி: நீங்கள் குறைத்தாலும் தெருமுனை வரை கேட்கிறது மாமா.

முருகேசன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அமுதா: நல்லவேளை நீக்கினார்.

புதன், இரவு 8:46

யாழினி: சட்டப் பகுதி, புதுத் தாள். 35 நிமிடம் சரியாக. 27 எழுதினேன். 19 சரி, 8 தவறு. 17 மதிப்பெண். "வெளியறிவு" 2 மட்டும். 3 கேள்விக்கு நேரம் போதவில்லை.

செல்வி: கைபேசி என்னிடம் இருந்தது. நான் சாட்சி.

கார்த்திக்: 13.75-லிருந்து 17. மூன்றை விட்டும் கூடியிருக்கிறது. அந்த 8-க்கும் சிவப்பு மை எங்கே?

யாழினி: எழுதிக்கொண்டிருக்கிறேன் அண்ணா. இந்த முறை "இரண்டில் குழப்பம்"தான் அதிகம், 5.

அமுதா: அந்த ஐந்தையும் படம் எடுத்து அனுப்பு. எதை வைத்து இரண்டைத் தள்ளினாய் என்று பார்க்கலாம்.

தாத்தா: யாழினி, அந்தக் குமார் வழக்கை நான் இன்னும் விடவில்லை. இருட்டில் வேலி தெரியாது என்பதற்கு மேல்முறையீடு உண்டா, இல்லையா?