சுழல் கலனில் குமிழி, உதிரும் செல்கள்: வேகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

கேட்பவர்: திசு_வளர்ப்பு
10 மி.லி. ஆர்.டபிள்யூ.வி. கலன் (மீடியம், அதாவது ஊட்டத் திரவம் நிரப்பிப் படுக்கை அச்சில் சுழற்றும் செல் வளர்ப்புக் கலன்), குடல் எபிதீலியல் செல்கள், அவை ஒட்டி வளரும் சைட்டோடெக்ஸ்-3 நுண்மணிகள் மி.லி.க்கு 5 மி.கி., 20 ஆர்.பி.எம். இரண்டாம் நாளே மிளகளவு குமிழி வந்துவிடுகிறது, செல்கள் உதிர்ந்து மீடியம் கலங்குகிறது. ஐந்தாம் நாளுக்கு மேல் மணியும் செல்களும் சேர்ந்த திரள்கள் சுவரில் மோதுகின்றன. என்ன செய்யலாம்? கன்ட்ரோலுக்கு (ஒப்பீட்டுக்கு) தட்டில் வளர்த்த செல்கள் போதுமா?

இன்குபேட்டர்_37
முதலில் குமிழியைத் தீருங்கள். கலன் சுழன்றாலும் குமிழி மேல்பக்கமே நிற்கும். அதைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் செல்கள் ஷியருக்கு (திரவ ஓட்டம் உரசி இழுக்கும் விசைக்கு) ஆளாகின்றன. உதிர்வுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

குளிர்ந்த மீடியத்தை ஊற்றினால், 37 டிகிரிக்குச் சூடாகும்போது கரைந்திருந்த வாயு வெளியேறும். அதனால் மீடியத்தை மூடியைத் தளர்த்தி முதல் நாள் இரவே இன்குபேட்டரில் வையுங்கள். நிரப்பியதும் இரண்டு வால்விலும் சிரிஞ்ச் மாட்டி, கலனைச் சாய்த்துத் தட்டி, குமிழியை ஒரு வாய்க்குக் கொண்டுவந்து, ஒன்றில் தள்ளி மற்றொன்றில் இழுங்கள். மறுநாளும் பாருங்கள். ஆட்டோகிளேவ் செய்யும் வகை என்றால், ஆறியபின் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

திரள் பெருத்தால் வேகத்தைக் கூட்டுங்கள்.

அரை_மில்லிமீட்டர்
கூட்டலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கலனோடு சுழலும் பார்வையில் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு வட்டம் போடுகிறது. அதன் ஆரம், விழும் வேகத்தைக் கோணவேகத்தால் வகுத்தது. செல் ஒட்டாத மணி நொடிக்குச் சுமார் 1 மி.மீ. விழும், 20 ஆர்.பி.எம்.மில் வட்டம் அரை மி.மீ.தான். நொடிக்கு 5 மி.மீ. விழும் திரளுக்கு 2.4 மி.மீ. சுவருக்கு அருகில் இருந்தால் மோதத்தான் செய்யும்.

40 ஆக்கினால் வட்டம் பாதியாகும், மையவிலக்கு நான்கு மடங்காகும்: அச்சிலிருந்து 4 செ.மீ.யில் 0.018 ஜி (ஜி = புவியீர்ப்பு) இருந்தது 0.07 ஜி ஆகிவிடும், திரள்கள் விளிம்பில் வளையமாகச் சேரும். ஆகவே 2 ஆர்.பி.எம். படியாக ஏற்றி, முகப்பிலிருந்து பாருங்கள். அடியில் குவிந்தால் வேகம் குறைவு. விளிம்பில் ஒட்டினால் அதிகம். இரண்டுக்கும் இடையில் இடமே இல்லையென்றால் திரள் அளவு மீறிவிட்டது, அறுவடை செய்துவிடுங்கள்.

சால்மொனெல்லா_ரசிகர்
தட்டு கன்ட்ரோல் போதாது. தட்டிலிருந்து கலனுக்கு மாறும்போது மணி, கலனின் சவ்வு வழியே புகும் காற்று, மீடியக் கொள்ளளவு எல்லாமே மாறிவிடுகின்றன. வித்தியாசம் எதனால் என்று சொல்ல முடியாது. பாக்டீரியா சோதனைகளில் அதே கலனை, அதே வேகத்தில் (அங்கே வழக்கம் 25 ஆர்.பி.எம்.), அச்சை மட்டும் செங்குத்தாக்கிச் சுழற்றுவார்கள். மணிகளுக்கும் இதைச் செய்யலாம். அவை சவ்வின்மேல் படியும், படியட்டும். தட்டு வேண்டுமானால் மூன்றாவது தொகுதியாக இருக்கட்டும்.

பெயரில் கவனம்: இக்கலனில் வளர்ப்பதை நுண்ணீர்ப்பு (விண்வெளியில் போல எடையற்ற நிலை) என்று சொல்வதுண்டு, ஆனால் இது நுண்ணீர்ப்பு அல்ல. 1 ஜி அப்படியே இருக்கிறது, திசைதான் சராசரியாகிறது. துகள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, அந்த விழுதலே மீடியத்தைக் கலக்குகிறது. விண்வெளியில் அந்தக் கலக்கல் கிடையாது. பரவலை மட்டும் நம்பினால் குளுக்கோஸ் 1 செ.மீ. கடக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். "குறை ஷியர் மாதிரி நுண்ணீர்ப்பு" என்று எழுதுங்கள்.

அதற்காகக் கருவி வீண் என்றில்லை. 2006-இல் எஸ்.டி.எஸ்-115 விண்ணோடத்தில் வளர்த்த சால்மொனெல்லா பாக்டீரியா எலிகளில் கூடுதல் நோய் வீரியம் காட்டியது. சுழல் கலனிலும் முன்பே அதே போக்கு தென்பட்டிருந்தது.

திசு_வளர்ப்பு
செங்குத்து அச்சுக்குத் தனி மோட்டார் வேண்டுமா?

சால்மொனெல்லா_ரசிகர்
வேண்டாம். மோட்டார் தளத்தையே 90 டிகிரி திருப்பி உறுதியாகத் தாங்கினால் போதும். காற்றுக்குழாய் மடங்காமல் பாருங்கள்.